கழித்துப் போட்ட பயறு

அத்தியாயம் பன்னிரண்டு

போன வாரம் மஸாஹிராவைக் கண்டி பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்காரவைத்துவிட்டுப் போனேன். பாவம், ஒரு வாரமாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்து நெரிசலில் மாட்டியவர்கள் இதை நம்பாமல் இருக்கமாட்டார்கள்.

இன்றைக்குத்தான் முதல் தடவையாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காக நாலு வார்த்தை. மஸாஹிராவுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். மாப்பிள்ளை ஹுதைபாவுக்குக் கட்டாரில் குளிரூட்டி பூட்டும் கம்பெனியொன்றில் வேலை. இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களை எல்லாம் கூட்டிப்பார்த்தாலும் ஒரு பள்ளிக்கூடத் தவணைக்குக் காணாது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதானே வழக்கம். உம்மா கைரியா அக்குறணை வீட்டுக்கு மேலே ஒரு மாடி எழுப்பி, அறை கட்டி, அலுமாரியும் செய்து வைத்தார். அலுமாரிக்குள் ஹுதைபாவின் சேர்ட்டுகள் தொங்குகின்றன. ஆளைத்தான் காணோம்.

அப்படியானால் இவள் அங்கே போயிருக்கலாமே என்பீர்கள். போகவிடாமல் பிடித்து வைத்திருப்பது பயறு. ஆமாம், நாம் அவித்துத் தேங்காய்ப்பூப் போட்டுச் சாப்பிடுகிற அதே பயறுதான்.

மஸாஹிரா பேராதனையில் ஆராய்ச்சி மாணவி. ஒரு பயறு பெரிதாக விளைவதும் இன்னொன்று சின்னதாகச் சுருங்கிக்கிடப்பதும் அதன் மரபணுவில் எந்த இடத்தில் எழுதியிருக்கிறது என்று தேடி, அதற்கு வரைபடம் போடுவது அவள் வேலை. கைரியா இதைக் கேட்டபோது சிரித்தே விட்டார். "பெரிசு வேணுமெண்டா கடையில பெரிசாப் பாத்து வாங்கேலாதா மகள்?" என்றார்.

வாங்கலாம். ஆனால் அதை விளைவிக்கிறவருக்கு வேண்டுமே. பெரிய விதைப் பயறு ஒன்றையும், காட்டோரத்தில் தன்பாட்டில் வளர்ந்து நிற்கும் சின்ன விதைப் பயறு ஒன்றையும் இணைத்தார்கள். அவற்றின் பிள்ளை, பேரப்பிள்ளை, அதன் பிள்ளை என்று போகத்துக்குப் போகம் விதைத்து, நூற்றெண்பது குடும்பங்களாக வளர்த்தெடுத்தார்கள். ஒவ்வொரு குடும்பத்தின் இலையிலும் இருந்து மரபணுவை வாசித்தாயிற்று. இனி ஒவ்வொரு குடும்பத்தின் விதையையும் நிறுக்க வேண்டும். எடையும் மரபணுவும் எந்த இடத்தில் ஒத்துப்போகிறதோ, பயறின் பருமன் அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. இவ்வளவுதான் விஷயம், இதற்குத்தான் நாலரை வருஷம்.

கடைசிப் போகமும் ஜனவரியில் பிடுங்கியாயிற்று. எடையும் போட்டாயிற்று. ஆய்வேட்டை எழுதிக் கொடுத்தும் விட்டாள். ஹுதைபா அங்கே குடும்ப விசா எடுத்து, வீடும் பிடித்துவிட்டான். ஜூன் முடிவதற்குள் அவள் போய் இறங்க வேண்டும், இல்லையென்றால் விசாவும் போய்விடும், கம்பெனி கொடுத்த வீடும் போய்விடும். கதை இப்படி இனிப்பாக ஓடிக்கொண்டிருக்கும்போதுதான், "உடனே வாங்க" என்று இராமகிருஷ்ணன் சேரிடமிருந்து போன் வந்தது.

சரி, பஸ்ஸிலிருந்து இறக்குவோம்.

*

இராமகிருஷ்ணன் சேர் அவளுடைய பேராசிரியர், புசல்லாவைக்காரர். அவருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, மரியாதைதான் ஏறும். "ஏம்மா, என்ன செஞ்சு வெச்சிருக்க" என்றால் எல்லாம் நலம். "உக்காருங்கம்மா" என்றால்தான் கவனமாக இருக்க வேண்டும்.

"உக்காருங்கம்மா," என்றார் அவர். "டீ குடிக்கிறீங்களா?"

மஸாஹிராவுக்குக் கதிரையின் நுனியில்தான் உட்கார முடிந்தது.

அவர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். பயறின் மரபணுக்களைச் சுமக்கிற நிறமூர்த்தங்கள் வரிசையாகக் கோடுகளாய்க் கிடந்தன; எடையும் மரபணுவும் ஒத்துப்போகிற இடத்தில் கோடு மலையாக எழும்பும். "போன போகத்துல ஏழாவதுல ஒரு மலை நின்னுச்சு. ஞாபகம் இருக்குங்களா?"

"ஹந்தானை மாதிரி ஈக்குது எண்டு நீங்க தான் சொன்ன, சேர்."

"இப்ப பாருங்க. மலையும் இல்ல, மேடும் இல்ல. அதுக்குப் பதிலா ரெண்டாவதுல, ஒண்ணுமே இல்லாத எடத்துல, புதுசா ஒண்ணு முளைச்சிருக்கு."

அவள் பார்த்தாள். போன மாதம் இதையே அவளும் பார்த்திருக்கிறாள். மழை, வெயில், போகத்துக்குப் போகம் கொஞ்சம் மாறத்தான் செய்யும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு எழுதிக்கொடுத்தவள்தானே. போகிற அவசரம் கண்ணை மறைத்துவிட்டது.

"நேத்து நானே எல்லாத்தையும் திரும்ப நிறுத்தேன்," என்று சேர் எழுந்து மேசையருகே போனார். மேசைமேல் மண்ணிறக் கடதாசிப் பொட்டலங்கள் இரண்டு குவியலாகக் கிடந்தன. "இந்தக் குவியல் எல்லாம் சரி. போன தடவை என்ன எடையோ அதே எடை. இந்தக் குவியல்ல மட்டும் சின்ன விதைக் குடும்பமெல்லாம் திடீர்னு கனத்துப் போயிருக்கு. மாமியார் வீட்டுக்குப் போயி நல்லா சாப்பிட்டு வந்த மாதிரி."

மஸாஹிராவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண் பொட்டலங்களின் வாயில் நின்றுவிட்டது. முதல் குவியலில் எல்லாவற்றுக்கும் ஸ்டேப்ளர் ஊசி அடித்திருந்தது. அது அவள் கை. இரண்டாவது குவியலில் ஊசியே இல்லை. வாயை மூன்று மடிப்பு மடித்து, நுனியை உள்ளே செருகியிருந்தது. தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு மணி சிந்தாது. கடையில் வளர்ந்தவர்களுக்கு மட்டும் வருகிற மடிப்பு அது.

அவள் எழுந்து வந்து அதில் ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"இது யாரு மடிச்சதும்மா?"

"வீட்டுல... நாங்க தான், சேர்."

சேர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினார். "இந்தக் குவியல் முழுக்கக் கீழ்ப்பாத்தியில விளைஞ்சது. அங்க தண்ணி கூடுதலாப் போச்சா? உரம் ரெண்டு தரம் விழுந்துச்சா? அப்படின்னா அத ஒரு பந்தியா எழுதிட்டு, கணக்குல சரிக்கட்டிடலாம். ஆய்வேடு போயிடும், நீங்களும் போயிடலாம். ஆனா யாராவது கை வெச்சிருந்தா அதக் கணக்கால சரிக்கட்ட முடியாது. எல்லாத்தையும் திரும்ப விதைக்கணும்."

"இந்தக் குவியல மட்டும் எடுத்துட்டா, சேர்?"

"மிச்சத்த வெச்சு வரைபடம் நிக்காதும்மா. உங்களுக்கே தெரியும்."

தெரியும். ஆனாலும் கேட்டுப்பார்க்கத் தோன்றுமா இல்லையா?

"நாளைக்குக் காலையில நான் ஒப்பம் வெச்சு அனுப்பணும். பாத்தியில தண்ணின்னு நீங்க சொன்னா தண்ணி. நான் வந்து தோண்டிப் பாக்கப்போறதில்ல. யோசிச்சுச் சொல்லுங்க." அவர் குரல் தணிந்தது. "உங்க வீட்டுக்காரரு காத்துக்கிட்டு இருக்காருன்னு எனக்குத் தெரியாம இல்ல."

இவ்வளவு மரியாதையாக அவர் அவளிடம் ஒருநாளும் பேசியதில்லை.

*

திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்கு நிற்க மட்டும்தான் இடம் கிடைத்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜனவரி மாதத்துக்குப் போய்விட்டாள்.

ஹுதைபா ஒரு மாத லீவில் வந்திருந்தான். முதல் கிழமை இருவரும் விருந்தாளிகள் மாதிரி நடந்துகொண்டார்கள். அவன் "ம்" என்பான், அவள் "சரி" என்பாள். போனில் ஒரு மணித்தியாலம் பேசுகிறவன், எதிரே உட்கார்ந்தால் சுவரைப் பார்ப்பான். அவளுக்குப் பயமாகக்கூட இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான், பயறு விதைத்திருந்த குண்டசாலைத் தோட்டத்திலிருந்து காய்கள் சாக்குச் சாக்காக வந்தன. அவள் மேல்மாடி விறாந்தையில் பாய் விரித்துக் காய் உடைக்க உட்கார்ந்தாள். ஹுதைபா சும்மா பார்த்துக்கொண்டு நின்றவன், சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். அவனுடைய வாப்பா ஸெய்னுலாப்தீன் ஹாஜியாருக்குக் கண்டி டவுனில் பருப்பு, பயறு, கடலை மொத்த வியாபாரம். பிள்ளை நடக்கப் பழகியதே சாக்குகளைப் பிடித்துத்தான்.

கையில் வேலை இருந்தால்தான் அவனுக்கு வாய் திறக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. காயை உடைத்துக்கொண்டே என்னவெல்லாம் சொன்னான். ஆறு பேர் படுக்கிற அறை, அவனுக்கு மேல்தட்டுக் கட்டில், எழும்பி உட்கார்ந்தால் தலை முகட்டில் முட்டும். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து கடற்கரைக்கு நடந்துபோய், குடும்பத்தோடு வருகிறவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவானாம். "ஏன் பாக்கப் போற?" என்று கேட்டாள். "சும்மா. பிள்ளையளுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் குடுக்கிறதப் பாக்கத்தான்," என்றான்.

ஒருநாள், பெண்பிள்ளை பிறந்தால் நுஹா என்று வைப்போமா என்று கேட்டான். தலையைத் தூக்காமல், ஒரு காயை உடைத்துக்கொண்டே கேட்டான். அவள் சரி என்றாள். இருவருக்கும் வெட்கமாகிப் போய், அடுத்த பத்துக் காயை அவசர அவசரமாக உடைத்தார்கள்.

கடைசிக் கிழமை, கீழ்ப்பாத்திச் சாக்குகள் மிச்சமிருந்தபோது, அவளுக்கு ஒவ்வொரு நாளும் பேராதனைக்குப் போக வேண்டி வந்தது. திரும்பி வரும்போது விறாந்தையில் பொட்டலங்கள் வரிசையாக அடுக்கியிருக்கும். "இண்டைக்கு இருவது முடிச்ச," என்பான். எவ்வளவு கெதியாக முடிகிறதோ அவ்வளவு கெதியாக அவள் தன்னிடம் வந்துவிடுவாள் என்பது அவன் கணக்கு. மூன்று வருஷத்தில் அவள் புருஷனோடு வாழ்ந்தாள் என்று சொன்னால் அது அந்த விறாந்தையில்தான்.

பஸ் குலுங்கி நின்றது. அவன் அப்படி என்னதான் செய்திருப்பான் என்று அவளுக்கு இன்னும் விளங்கவில்லை.

*

கைரியா அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். மகளுடைய முகத்தைப் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டார்.

"என்ன மகள், சேர் ஏசினாரா?"

"இல்லும்மா. ஜனவரியில அவர் லீவுல வந்து பயறு பிரிச்ச நேரம் நீங்க கிட்ட இருந்தீங்களா?"

"இருந்த தானே. சுளகு எடுத்துக் குடுத்ததே நான் தான்."

"சுளகா?"

"பின்ன, கையாலயா புடைக்கிற?" கைரியாவுக்கு மருமகனைப் பற்றிப் பேசுவதென்றால் முகம் மலர்ந்துவிடும். "சும்மா சொல்லப் படாது, என்ன வடிவாப் புடைக்கிற மனுஷன். அடுத்த வீட்டு ரபீகாவக் கூப்பிட்டுக் காட்டின. நல்லதெல்லாம் சுளகுல நிக்கும், சின்னதும் சூம்பினதும் மட்டும் நுனிக்கு வரும், ஒரு தட்டுத் தட்டினா பொலபொலெண்டு விழும். ஒரு பொட்டலத்துக்குள்ளயும் ஒரு கழிவு இல்ல. 'மாமி, எங்கட கடையில ஒரு சின்னன் கெடந்தாலும் வாப்பா சாக்கையே திருப்பி அனுப்பிடுவார்' எண்டு சொன்ன."

மஸாஹிரா உம்மாவுக்குக் கிட்ட வந்தாள். "விழுந்தத என்ன செஞ்ச?"

"அல்லாஹ் தந்த பயறை வீசுறதா? போத்தல்ல போட்டு வெச்ச. பாதி நோன்புக் கஞ்சிக்குப் போட்டாச்சு. நல்லா ஈக்குது எண்டு நீயும் தானே ரெண்டு கோப்பை குடிச்ச."

மீதிப் பாதியை அடுப்படி அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்து கைரியாவே எடுத்துவந்து நீட்டினார். மஸாஹிரா மூடியைத் திறந்து உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். கடுகுக்குப் பெரியம்மா மகன் என்று சொல்லத்தக்க சின்னஞ்சிறு மணிகள். அறுபது குடும்பத்தின் சின்ன விதைகள் ஒரே போத்தலுக்குள் கலந்து கிடந்தன. எது எந்தக் குடும்பம் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

சின்ன விதைக் குடும்பமெல்லாம் கனத்துப் போனதன் காரணம் இதுதான். கடைக்காரர் மகன் கழிவு என்று நினைத்ததைக் கழித்திருக்கிறான். அவளோ அந்தக் கழிவைத்தான் நாலரை வருஷமாக வளர்த்து வந்திருக்கிறாள். எல்லாவற்றையும் அப்படியே போடுங்கள் என்று அவள் சொல்லியிருந்தால் அவன் கேட்டிருப்பான். சொன்னாளா? எவ்வளவு யோசித்தும் சொன்னதாக ஞாபகம் வரவில்லை. ஆய்வுகூடத்தில் இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வீட்டு விறாந்தையில் அதை வாய் திறந்து சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அவள் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே உம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னாள்.

கைரியா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார். "அப்ப சேர் கேட்டா என்ன சொல்லப் போற?"

"தண்ணி கூடினது எண்டா விட்டுடுவார். கை வெச்ச எண்டா திரும்ப விதைக்கணும்."

"விதைச்சா?"

"ஓகஸ்ட் ஆகும்."

"அப்ப தண்ணி கூடினது எண்டு சொல்லு."

"உம்மா..."

"என்ன உம்மா? பயறு பெரிசோ சின்னனோ, ஆரு வந்து வழக்குப் போடப் போற?" கைரியாவின் குரல் உயர்ந்தது. "உனக்கு ஒண்டு சொல்லட்டா. உங்கட வாப்பா ஜித்தாவுக்குப் போன நேரம் நீ வயித்துல. பதினாலு வருஷம் நான் போன்ல குடும்பம் நடத்தின. ஆள் ஒரேயடியா வந்து சேந்த அண்டைக்குத் தேத்தண்ணி ஊத்தின. எத்தன கரண்டி சீனி எண்டு எனக்குத் தெரியல்ல மகள். கட்டின புருஷன். விருந்துக்கு வந்தவர்ட்டக் கேக்கிற மாதிரி, சீனி எவ்வளவு எண்டு கேட்ட."

வாப்பா வந்து இரண்டு வருஷத்தில் மௌத்தாகி மண்ணறைக்கும் போய்விட்டார். இந்தச் சீனிக் கதையை உம்மா இதுவரைக்கும் சொன்னதில்லை.

"அவர் என்னப் பாத்த பார்வை எனக்கு இன்னும் மறக்கேலா," என்றார் கைரியா. "நீ போ. இங்க நான் தனியா இருப்பேன் எண்டெல்லாம் பாக்காத. ஒரு பொய் சொல்லிட்டாவது போ. பாவம் என்ட கணக்குல வரட்டும்."

பெற்ற தாய் இப்படிச் சொன்னால் எந்தப் பிள்ளைக்குத்தான் மனசு இளகாது? மஸாஹிராவுக்கும் இளகியது. அவளுக்கும் போகத்தான் ஆசை. விடியச் சுபஹுத் தொழுகைக்கு எழும்பும்போது ஹுதைபா தொண்டையைச் செருமுகிற சத்தத்துக்காக ஏங்கினாள். அவனுடைய ஈரத் துவாயைக் கதிரையில் கண்டு ஏசுவதற்கு ஏங்கினாள். இது என்ன பெரிய ஆசையா?

மேலே போய், கையில் போனை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். 'கீழ்ப்பாத்தியில் தண்ணீர் கூடிவிட்டது' என்று சேருக்கு எழுதிப் பார்த்தாள். எழுத மிக லேசாகத்தான் இருந்தது.

அனுப்பத்தான் முடியவில்லை. அந்த வரைபடத்துக்காக மழை குறைந்த உலர் வலயத்துப் பயிர் நிலையங்களில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். பெரிய பயறு பிறப்பிக்க அதைத்தான் நம்பப்போகிறார்கள். இல்லாத இடத்தில் அவள் அடையாளம் வைத்துவிட்டுப் போனால், அவர்கள் வருஷக்கணக்காக அந்த இடத்தையே நோண்டிக்கொண்டிருப்பார்கள். அவள் தோஹாவில் சோறு சமைத்துக்கொண்டிருக்கும்போது, யாரோ ஒருவர் இங்கே வெயிலில் நின்று, ஏன் விளையவில்லை என்று செடியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தச் சோறு அவளுக்கு இறங்குமா?

எழுதியதை அழித்தாள். 'கை பட்டிருக்கு சேர். சின்ன விதைகளைக் கழிச்சாச்சு. திரும்ப விதைப்போம்' என்று எழுதி, யோசிக்க இடம் வைக்காமல் அனுப்பினாள். யாருடைய கை என்று எழுதவில்லை.

சேரிடமிருந்து பதில் உடனே வந்தது. 'சரிம்மா. திங்கட்கிழமை பாத்தி கொத்த ஆளுக்குச் சொல்றேன். நீ சாப்பிட்டியா?'

மரியாதை இறங்கிவிட்டதைக் கண்டு அவளுக்கு அழுகை வந்தது.

*

மஃரிப் தொழுகை முடிந்து முசல்லாவை மடித்தபோது ஹுதைபாவின் அழைப்பு வந்தது. வீடியோவில் அவன் முகம் தெரியவில்லை, ஒரு சுவர்தான் தெரிந்தது.

"பாருங்க மஸா, சாவி கெடச்சிட்டு," என்றது குரல். "இது சாமான் அறை இல்ல, இதுதான் சமைக்கிற குசினி. சின்னன்தான். ரெண்டு பேர் நிண்டா முட்டும்."

"முட்டட்டும்," என்றாள் அவள். வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

அவன் சிரித்தான். ஜன்னலைக் காட்டினான். எதிர்க் கட்டடத்தின் முதுகுதான் தெரிந்தது, அதையும் பெரிய காட்சி மாதிரிக் காட்டினான். "ஒரு மேசை வாங்கின. ரெண்டு கதிரை. கடைக்காரன் நாலா எடுத்தா மலிவு எண்டான். வேணாம், ரெண்டு போதும் எண்டு சொன்ன. டிக்கட் எப்ப போடுற?"

அவளுக்கு அவனுடைய முகத்தைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. "போனத் திருப்புங்க," என்றாள். திருப்பினான். தலை வெட்டியிருந்தான், புதுச் சேர்ட் போட்டிருந்தான். காலி வீட்டைக் காட்டுவதற்குப் புதுச் சேர்ட்.

"இன்னொரு போகம் ஆகும்," என்றாள்.

"எண்டா?"

"ஓகஸ்ட்."

"விசா ஜூனோட முடியுதே மஸா."

"தெரியும்."

அவன் அந்த இரண்டு கதிரைகளில் ஒன்றில் உட்கார்ந்தான். "ஏன்?"

"என்ட பிழை. எடை பிழைச்சிட்டு."

உம்மா சொன்ன பொய்யை வேண்டாமென்று தள்ளியவள், இந்தப் பொய்யை மட்டும் கூசாமல் சொன்னாள். விறாந்தையில் அவனுடைய கை பயறுக்குள் அளைந்துகொண்டிருந்ததை அவள் தனக்கென்று எடுத்து வைத்திருந்தாள். அதில் ஒரு கீறல் விழ விட அவளுக்கு மனசில்லை.

ஹுதைபா கையிலிருந்த சாவியை மேசைமேல் வைத்தான். "போன வருஷம் மழை எண்டு சொன்ன. அதுக்கு முந்தி பூச்சி. இப்ப எடை." அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். "ஒண்டு கேக்கட்டா, கோவிக்கப் படாது. உங்களுக்கு இங்க வார விருப்பம் ஈக்குதா?"

"என்ன கேக்கிற?"

"இல்ல, சொல்லுங்க. விருப்பமில்லாட்டி நான் ஒண்டும் நினைக்கமாட்டேன். படிச்ச பொம்பிள. இங்க வந்து இந்தச் சுவரப் பாத்துட்டு இருக்க ஏலாதுதான். நேராச் சொல்லிட்டா நான் வீட்டத் திருப்பிக் குடுத்துட்டுப் பழைய அறைக்குப் போயிடுவேன். ஒவ்வொரு போகத்துக்கும் ஒரு காரணம் தேடிக் கஷ்டப்பட வேணாம்."

அவனை வெட்கப்படாமல் காக்க நினைத்துச் சொன்ன பொய், அவளையே வேண்டாதவளாக ஆக்கிவிட்டது. அவன் வெட்கப்பட்டாலும் பரவாயில்லை, இவளுக்கு நம்மேல் ஆசை இல்லை என்று அவன் ஒரு ராத்திரிகூட நினைத்துக்கொண்டு தூங்கக் கூடாது.

"நீங்க புடைச்ச பயறு," என்றாள்.

"என்ன?"

"சுளகுல புடைச்சு, சின்னதெல்லாம் கழிச்சீங்க தானே. கழிக்காம நிறுக்கணும். நல்லதும் சூம்பினதும் எல்லாம் சேத்துத்தான் எடை. நான் சொல்லல்ல. நான் சொல்லியிருக்கணும். சொல்லாதது என்ட பிழை." போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். "விருப்பமில்லாம இல்ல. விருப்பமில்லாம இல்லங்க."

திரையில் அவன் வாய் லேசாகத் திறந்தபடி இருந்தது. அவன் அதை மனசுக்குள் ஓட்டிப்பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. பாய், சுளகு, அடுக்கி வைத்த பொட்டலங்கள், ஒவ்வொரு மாலையும் அவள் படியேறி வரும்போது அவன் காட்டிய பெருமை.

"எத்தன பொட்டலம்?" என்றான்.

"அறுவது மாதிரி."

"நான் புடைச்சது எல்லாமே."

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

"கெதியா முடிக்கத்தான் செஞ்ச," என்றான்.

"எனக்குத் தெரியும்."

"அப்ப நான் தான் உங்கள அங்க நிப்பாட்டி வெச்ச."

"அப்படிச் சொல்லாதீங்க."

ஹுதைபா முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டான். எங்கேயோ ஒரு கதவு சாத்துகிற சத்தம் அவன் பக்கத்திலிருந்து கேட்டது. காலி வீட்டில் அது பெரிதாக ஒலித்தது.

"நான் அந்த ஒரு மாசத்த நெனச்சிட்டுத்தானே மஸா இங்க ஈக்கிற," என்றான் மெதுவாக. "வேலைக்குப் போகக்குள்ளயும் அதுதான், படுக்கக்குள்ளயும் அதுதான். அதுவும் பிழையாப் போச்சா?"

"இல்ல," என்றாள். "இல்லங்க. அது மட்டும்தான் எனக்கும் ஈக்குது."

அவன் முகம் அசையவில்லை. அவள் இன்னொரு தடவையும் சொன்னாள், கொஞ்சம் சத்தமாக. அதன் பிறகுதான் திரையில் படம் உறைந்துபோய் நிற்பது தெரிந்தது. எந்த வார்த்தையில் இணைப்பு அறுந்ததோ, தான் சொன்னது அவனுக்குக் கேட்டதோ இல்லையோ, அவளுக்குத் தெரியவில்லை.

அவனுக்குத் திருப்பிப் போன் எடுத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, அவன் தூக்கவில்லை. மறுபடி எடுத்தாள். மூன்றாவது தடவை எடுத்தபோது அவனுடைய போன் அணைக்கப்பட்டிருந்தது.